கண் பறிக்கப்பட்ட படை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘போரைக் களத்தில் ஜெயிக்கலாம், களத்திலேயே முடித்துவிட முடியாது’ என்று சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. வரலாறு அப்படித்தான் சொல்கிறதா என்பது என் சந்தேகம்.

அண்மையில் கிளைடியோன் போரைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 1014இல் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் இரண்டாம் பசில் பல்கேரியப் படையை முறியடிக்கிறார். சிறைப்பட்ட 15,000 பேரின் கண்களைப் பறிக்கிறார். நூறு பேருக்கு ஒருவன் என்ற கணக்கில் ஒருவனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டுவைத்து, அவனை வழிகாட்டியாக்கி, அத்தனை பேரையும் அவர்களுடைய மன்னர் சாமுவேலிடமே திருப்பி அனுப்புகிறார். அந்த வரிசையைப் பார்த்த சாமுவேல் மயங்கி விழுகிறார். இரண்டு நாளில் இறந்துபோகிறார். பல்கேரியா முடிந்தது. பசிலுக்குப் ‘பல்கேரிய குலாந்தகன்’ என்ற பட்டம்.

ஒரு நாள், ஒரு கொடுமை, ஒரு தேசம் காலி. கொடுமை பலன் தரும் என்பதை உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த 15,000 என்ற எண்ணிக்கை உண்மைதானா என்றும், சாமுவேலின் வம்சம் பிறகு என்ன ஆனது என்றும் தெரிந்துகொள்ள ஆசை. காணொளி அங்கேயே முடிந்துவிட்டது.

அன்புடன்,
எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

என் வாக்கியத்தை மறுக்க நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் போர், அந்த வாக்கியத்தை நான் எழுதியபோது மனதில் வைத்திருந்த போர்களில் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் இடம். இன்றைய பல்கேரியாவின் தென்மேற்கு மூலையில், பெட்ரிச் நகரத்துக்கு அருகே, க்ளூச் என்று ஒரு கிராமம் இருக்கிறது. தெற்கே பெலாசிட்சா மலை சுவர்போல நிற்கிறது. வடக்கே ஒக்ரஷ்டென் மலை. நடுவில் ஸ்ட்ருமிட்சா ஆற்றின் பள்ளத்தாக்கு. கிழக்கிலிருந்து, அதாவது செர்ரெஸ் பக்கமிருந்து, மாசிடோனியாவின் உட்பகுதிக்குப் படை நடத்த விரும்புகிறவருக்கு இது இயல்பான வழி. பசில் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் பல்கேரியாவுக்குள் நுழைந்து பயிரை எரித்து, கோட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரி எந்த வழியாக வருவார் என்பது சாமுவேலுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆகவே 1014இல் பள்ளத்தாக்கின் குறுகிய இடத்தில் அகழி வெட்டி, மரக்கட்டைகளால் தடுப்புச் சுவர் எழுப்பி, பின்னால் படையோடு காத்திருந்தார்.

நல்ல திட்டம்தான். பசிலின் வீரர்கள் திரும்பத் திரும்ப மோதினார்கள். மேலேயிருந்து வந்த கல்லும் அம்பும் அவர்களைச் சாய்த்தன. பேரரசர் பின்வாங்கிவிடலாம் என்ற நிலைக்கே வந்துவிட்டார் என்கிறது பைசாந்திய வரலாற்று நூல். அப்போது பிலிப்போபொலிஸ் நகரத்தின் தளபதி நிகிபோரஸ் க்ஸிபியாஸ் ஒரு யோசனை சொன்னார்: நீங்கள் இங்கேயே தாக்கிக்கொண்டிருங்கள், நான் மலையைச் சுற்றிப் போய்ப் பின்புறமாக இறங்குகிறேன். ஆட்டுப் பாதைகள் வழியே பெலாசிட்சாவின் தெற்குச் சரிவைக் கடந்து, ஜூலை 29ஆம் நாள், மேட்டிலிருந்து பெருங்கூச்சலோடு அவர் பல்கேரியர்களின் முதுகில் பாய்ந்தார். தடுப்பைக் காத்தவர்கள் சிதறினார்கள். பசிலின் ஆட்கள் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். சாமுவேலே பிடிபட்டிருப்பார். அவருடைய மகன் கேப்ரியல் ராடோமிர் எதிரிகளைத் தடுத்து, தந்தையைக் குதிரையில் ஏற்றி பிரிலெப் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஆக, வென்றவர் பசில், யோசனை க்ஸிபியாஸுடையது. எட்டு ஆண்டுகள் கழித்து இதே க்ஸிபியாஸ் பசிலுக்கு எதிராகவே கலகம் செய்து, பிடிபட்டு, மொட்டையடிக்கப்பட்டுத் துறவியாக்கப்பட்டார் என்பது உங்கள் காணொளிக்காரர் தவறவிட்ட உபரித் தகவல்.

பசில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தார் என்பதற்கு 28 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 986இல் அவருக்கு வயது 28. ஸ்ரெடெட்ஸ், அதாவது இன்றைய சோபியா நகரத்தை முற்றுகையிட்டார். இருபது நாள் முயன்றும் நகரம் மசியவில்லை. உணவு தீர்ந்து திரும்பும் வழியில், ‘டிராஜன் வாயில்’ எனப்படும் கணவாயில், ஆகஸ்ட் 17 அன்று, பல்கேரியர்கள் மலைச் சரிவிலிருந்து விழுந்து அவருடைய படையை நொறுக்கினார்கள். பேரரசரின் கூடாரமும் செல்வமும் போயின. உயிர் தப்பியதே பெரிய காரியம். லியோ என்ற திருச்சபைப் பணியாளர் அந்தப் படையோடு போயிருந்தார். தானும் மயிரிழையில் தப்பியதை அவரே எழுதிவைத்திருக்கிறார். கணவாய் என்றால் என்ன என்பதைப் பசில் அன்றைக்குக் கற்றுக்கொண்டார். கிளைடியோனில் அவருக்கு வயது 56.

இனி கண்களுக்கு வருகிறேன்.

இந்தக் கதையை விரிவாகச் சொல்பவர் ஜான் ஸ்கிலிட்சஸ். அவர் எழுதியது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர் நடந்து இரண்டு தலைமுறை கழித்து. 15,000 என்ற எண்ணைச் சொல்லும் அதே வாக்கியத்தில் ‘என்று சொல்கிறார்கள்’ என்ற சொற்களையும் அவர் சேர்த்திருக்கிறார். காணொளிகளில் முதலில் உதிர்ந்துபோவது இந்தச் சொற்கள்தான். ஏறக்குறைய அதே காலத்தில் எழுதிய கெகாவ்மெனோஸ் என்ற படைத்தலைவர் 14,000 என்கிறார். பசிலின் வாழ்க்கையை, அவருடைய உடை, தாடியைத் திருகும் பழக்கம் உட்பட எழுதிய மைக்கேல் செல்லோஸ், இந்தச் சம்பவத்தைப் பற்றி வாய்திறக்கவே இல்லை. இப்படி ஒன்று நடந்திருந்தால், அதுவும் இத்தனை பெரிய அளவில் நடந்திருந்தால், செல்லோஸைப் போல வம்பு பேச ஆசையுள்ள ஒருவர் அதை விட்டிருப்பாரா என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணிக்கையை நடைமுறையில் வைத்துப் பாருங்கள். ஒரு குறுகிய பள்ளத்தாக்கில், உடைந்து ஓடும் படையிலிருந்து 15,000 பேரை உயிரோடு பிடித்து, கட்டி, காவல் வைத்து, சோறு போட்டு, ஒவ்வொருவராகக் கண்ணைப் பறித்து, பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைநாட்டு வழியே நடத்தி அனுப்ப வேண்டும். சாமுவேலின் களப்படையில் இத்தனை பேரை அன்றே இழந்திருந்தால் மறுநாள் சண்டையிட ஆள் இருந்திருக்காது. இருந்தார்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் காரணங்களால்தான் வரலாற்றாசிரியர்கள் பலர் அந்த எண்ணை ஏற்பதில்லை. என் கணிப்பும் அதுதான்: கண் பறிப்பு நடந்திருக்கிறது, அளவு ஊதிப் பெருக்கப்பட்டிருக்கிறது. சாமுவேல் அவ்வாண்டு அக்டோபரில் இறந்தார் என்பது உறுதி. அந்த ஊர்வலத்தைக் கண்ணால் கண்டு இறந்தாரா, தோல்வியும் முதுமையும் சேர்ந்து கொன்றனவா என்பதில் எனக்கு ஸ்கிலிட்சஸ் அளவுக்குத் துணிச்சல் இல்லை. அவர் எழுதும் காட்சியில் சாமுவேல் மயங்குகிறார், தண்ணீர் தெளித்து எழுப்புகிறார்கள், குளிர்ந்த நீர் கேட்டுக் குடிக்கிறார், நெஞ்சு அடைக்கிறது. நாடகம் எழுதத் தெரிந்த கை அது.

பசிலை நல்லவராக்க நான் முயல்வதாக நினைக்க வேண்டாம். பின்வந்த ஆண்டுகளிலும் பல்கேரியக் கைதிகளின் கண்களை அவர் பறித்ததாகச் செய்தி உண்டு. ஆயிரம் பேருக்கு நடந்தாலும் அது அதே கொடுமைதான். ஆனால் ஏன் குறிப்பாகக் கண்? பைசாந்தியத்தில் கண்ணைப் பறிப்பது ராஜதுரோகத்துக்கான வழக்கமான தண்டனை. கண்ணிழந்தவர் அரியணை ஏற முடியாது என்பது அங்கே நிலைத்துவிட்ட எண்ணம். மரண தண்டனைக்குப் பதிலாகத் தரப்பட்ட ‘கருணை’ என்றுகூட அதை எண்ணினார்கள். 797இல் பேரரசி ஐரீன் தன் சொந்த மகன் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்களைப் பறிக்கச் செய்தார். 1072இல் நான்காம் ரோமனோஸ் டயோஜினிஸுக்கு அதே கதி. புண் அழுகி இறந்தார். வெளிநாட்டு எதிரிக்கு அல்ல, சொந்த வீட்டுத் துரோகிக்கு உரிய தண்டனை இது.

அப்படியானால் பல்கேரியர்களைப் பசில் துரோகிகளாகப் பார்த்தாரா? ஆமாம், அங்கேதான் விஷயம் இருக்கிறது. 971இலேயே பேரரசர் ஜான் சிமிஸ்கஸ் கிழக்குப் பல்கேரியாவைக் கைப்பற்றி, பல்கேரிய மன்னர் இரண்டாம் போரிஸைத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுவந்து, ஊரார் முன்னிலையில் மகுடத்தைக் கழற்ற வைத்தார். அவர்களுடைய கணக்குப்படி பல்கேரியா என்ற நாடு அன்றே இல்லாமலாகிவிட்டது. மேற்கே சாமுவேலும் அவருடைய சகோதரர்களும் தொடர்ந்து நடத்தியது ஒரு நாட்டின் போர் அல்ல, பேரரசின் மாகாணம் ஒன்றில் நடந்த கலகம். எதிரியைக் கலகக்காரன் என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டால், பிடிபட்டவனை என்னவும் செய்யலாம். இந்தத் தந்திரத்துக்குப் பைசாந்தியர்கள் மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

இப்போது உங்கள் முக்கியமான வாதம்: ஒரு நாளில் பல்கேரியா முடிந்தது. முடியவில்லை. போர் இன்னும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது. அதுவும் கிளைடியோன் நடந்த சில நாட்களிலேயே பசிலுக்கு முதல் அடி விழுந்தது. தெசலோனிகியின் ஆளுநரும் பேரரசருக்கு நெருக்கமானவருமான தியோபிலாக்ட் பொடனியேட்டஸை, ஸ்ட்ருமிட்சா பக்கத்து மலைவழியில் உள்ள தடுப்புகளை அகற்ற அனுப்பினார். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது குறுகிய இடத்தில் கேப்ரியல் ராடோமிரின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். பொடனியேட்டஸும் அவருடைய படையும் அழிந்தார்கள். மேலே போகாமல் பசில் திரும்பிவிட்டார். கண் பறிப்பே இந்த இழப்புக்குப் பழிவாங்கலாகத்தான் நடந்திருக்கும் என்று கருதுகிறவர்களும் உண்டு. முழுப் படையும் ஒழிந்துபோன எதிரி இப்படி ஒரு பதுங்குதாக்குதலை எப்படி நடத்தினான் என்று அந்தக் காணொளிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

1016இல் பசில் பெர்னிக் கோட்டையை முற்றுகையிட்டார். கிராக்ரா என்ற பிரபு உள்ளே இருந்தார். 88 நாள். கோட்டை விழவில்லை, பேரரசர் ஆட்களை இழந்து திரும்பிப் போனார். ஏறக்குறைய அதே காலத்தில் புதிய மன்னர் இவான் விளாதிஸ்லாவ் (அவர் எப்படி வந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்), பிடோலா நகரத்தின் கோட்டையைப் பழுதுபார்த்துக் கட்டி, அதைக் கல்லில் பொறித்து வைத்தார். பல்கேரியர்களின் புகலிடத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் வாழ்வுக்காகவும் இந்தக் கோட்டை கட்டப்பட்டது என்கிறது அந்தக் கல்வெட்டு. 1956இல் பிடோலாவில் ஒரு பழைய மசூதியை இடித்தபோது அது வெளிப்பட்டது. முடிந்துபோன தேசத்தின் குரல் போலவா இருக்கிறது?

பிறகு எப்படித்தான் முடிந்தது? 1018 பிப்ரவரியில் இவான் விளாதிஸ்லாவ் டிர்ராக்கியம் நகரத்தின் மதிலுக்கு முன்னால் சண்டையில் கொல்லப்பட்டார். நாற்பது ஆண்டுப் போரில் நாடு களைத்திருந்தது. இதில் பசிலின் இடைவிடாத படையெடுப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு, அதை மறுக்க மாட்டேன். பிரபுக்கள் ஒவ்வொருவராகத் தூது அனுப்பினார்கள். 88 நாள் தாக்குப்பிடித்த அதே கிராக்ரா, 35 கோட்டைகளோடு வந்து பணிந்தார். பசில் அவருடைய கண்ணைப் பறிக்கவில்லை. ‘பட்ரீகியோஸ்’ என்ற உயர் பட்டத்தைக் கொடுத்தார். மன்னரின் விதவை மரியா பிள்ளைகளோடு வந்தார். அவருக்கு அரசவைப் பெண்களுக்குரிய மிக உயர்ந்த பட்டம். மலையில் ஒளிந்திருந்த மூத்த மகன் ப்ரூசியானோஸ் இறங்கி வந்ததும் அவருக்கு ‘மாகிஸ்ட்ரோஸ்’ பட்டம்.

அதைவிட முக்கியமானது வரி. பேரரசின் மற்ற பகுதிகளில் வரியை நாணயமாகக் கட்ட வேண்டும். பல்கேரியக் குடியானவனிடம் நாணயம் ஏது? சாமுவேல் காலத்தில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே கட்டலாம் என்று பசில் உத்தரவிட்டார்: ஒரு ஜோடி ஏர் மாடு வைத்திருப்பவன் ஒரு மரக்கால் கோதுமை, ஒரு மரக்கால் தினை, ஒரு ஜாடி ஒயின். நான் மரக்கால் என்று எழுதுவது அவர்களுடைய ‘மோதியோஸ்’ அளவை. பல்கேரியர்களின் ஒஹ்ரிட் திருச்சபை தன்னாட்சியோடு தொடரலாம். பேராயராக ஜான் என்ற உள்ளூர்க்காரரே இருக்கலாம். கான்ஸ்டான்டினோபிளின் திருச்சபைத் தலைவர் தலையிட மாட்டார்.

இந்த ஏற்பாடு எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு அதைக் கலைத்தபோது நடந்ததே சாட்சி. பசில் 1025இல் இறந்தார். 1040 வாக்கில் அரசாங்கத்தை நடத்திய ஜான் என்ற அரண்மனை அதிகாரி, தானியமாகக் கட்டியது போதும், இனி காசாகக் கட்டுங்கள் என்றார். பீட்டர் டெலியான் என்பவர், தான் கேப்ரியல் ராடோமிரின் மகன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். மாசிடோனியாவும் மேற்குப் பல்கேரியாவும் பற்றியெரிந்தன; கலகம் கிரீஸ் வரை பரவியது. கண் பறிப்பை மறக்காமல் 26 ஆண்டுகள் பொறுத்திருந்த மக்கள், ஒரு மரக்கால் தினைக்காக எழுந்தார்கள் என்று எழுதினால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.

பட்டத்தைப் பற்றி. ‘பல்கேரிய குலாந்தகன்’ என்று நீங்கள் மொழிபெயர்த்திருப்பது அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தோடு பசில் வாழவில்லை. ஹெப்டோமோன் என்ற இடத்தில் இருந்த அவருடைய கல்லறையில் பொறித்த கவிதையில் தன் ஈட்டி ஒரு நாளும் ஓய்ந்திருந்ததில்லை என்று பெருமை பேசுகிறார். இந்தப் பட்டம் அதில் இல்லை. பால் ஸ்டீபன்சன் என்ற வரலாற்றாசிரியர் இதைத் தேடிப் பார்த்திருக்கிறார். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் என்பது அவருடைய முடிவு. 1185இல் பீட்டர், அசென் என்ற சகோதரர்கள் கலகம் செய்து பல்கேரிய அரசை மறுபடி நிறுவினார்கள். பைசாந்தியப் படைகள் தோற்றுக்கொண்டிருந்தன. அப்போது, பல்கேரியர்களை அடக்கிய பழைய பேரரசர் ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். அந்தச் சகோதரர்களுக்கு இளையவரான மன்னர் கலோயான் சும்மா இருக்கவில்லை: பசில் பல்கேரிய குலாந்தகன் என்றால் நான் ரோமானிய குலாந்தகன் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டார். பைசாந்தியர்கள் தங்களை ரோமானியர் என்றே அழைத்துக்கொண்டவர்கள். பதிலுக்கு அவர்கள் கலோயானை ‘நாய் ஜான்’ என்றார்கள்.

பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாசிடோனியா யாருக்கு என்று கிரேக்கர்களும் பல்கேரியர்களும் அடித்துக்கொண்டபோது பசில் மறுபடி எழுப்பப்பட்டார். 1913 போரில் கிரேக்க மன்னர் கான்ஸ்டன்டைனுக்கும் அதே பட்டத்தைச் சூட்டினார்கள். பல்கேரியத் தரப்பும் சளைத்ததல்ல. 2015இல் சோபியாவில் சாமுவேலுக்கு ஒரு சிலை வைத்தார்கள். கண்களில் விளக்கு பொருத்தி, இரவில் ஒளிரும்படி. கண் இழந்த படையின் மன்னருக்கு விளக்குக் கண் வைக்கத் தோன்றியது யாருக்கோ தெரியவில்லை, நகரவாசிகள் நன்றாகவே கேலி செய்தார்கள். ஸ்கோப்யேயில் அவருக்கு வேறொரு சிலை இருக்கிறது. அவர் பல்கேரிய மன்னரா, மாசிடோனிய மன்னரா என்ற வழக்கு இரண்டு நாடுகளுக்கும் இடையே இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகப்போவதில்லை, அஞ்சல்பெட்டி தாங்காது.

கடைசியாக, வம்சம். களத்திலிருந்து தந்தையைக் காப்பாற்றிய கேப்ரியல் ராடோமிர் ஓராண்டுகூட முழுதாக ஆளவில்லை. 1015இல் வேட்டைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார். கொன்றவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரான அந்த இவான் விளாதிஸ்லாவ். முன்பு சாமுவேல் தன் உடன்பிறந்த ஆரோனைக் குடும்பத்தோடு அழித்தபோது, இந்த இவானை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் காப்பாற்றியவரே கேப்ரியல்தான். கிளைடியோனைவிட இந்தக் கொலைதான் பசிலுக்கு அதிகம் உதவியது என்பேன்.

இவானின் மகன்களில் ஒருவர் அலூசியான். பேரரசின் அதிகாரியாக இருந்தவர், 1040இல் டெலியானின் கலகத்தில் வந்து சேர்ந்தார். டெலியான் வரவேற்று, தெசலோனிகியைப் பிடிக்கப் பெரும் படை கொடுத்தார். அலூசியான் தோற்றுத் திரும்பினார். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். ஒரு விருந்தில் டெலியான் குடித்து மயங்கியிருந்தபோது, சமையல் கத்தியால் அவருடைய கண்களைக் குத்திப் பறித்தார் அலூசியான். பிறகு பேரரசரிடம் போய்ச் சமாதானமாகி, ‘மாகிஸ்ட்ரோஸ்’ பட்டம் வாங்கிக்கொண்டார்.

இவானின் மகள் கேத்தரின், ஐசக் கொம்னெனோஸ் என்ற பைசாந்தியத் தளபதியை மணந்தார். ஐசக் 1057இல் கலகம் செய்து பேரரசரானார். கேத்தரின் பேரரசியானார், பசில் அமர்ந்திருந்த அதே அரண்மனையில். இரண்டே ஆண்டுகள்தான். 1059இல் ஐசக் முடி துறந்து மடத்துக்குப் போனதும் அவரும் மகளோடு துறவு பூண்டார்.

அன்புடன்